டிக்கெட் போதும்

ரயிலேறி ஒரு மணி நேரத்தில் வேறு நாட்டில் இறங்க முடியுமா, நேயர்களே? நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அது சர்வசாதாரணம்! விழுப்புரம்–புதுச்சேரி ரயில்பாதை திறந்தது 1879-ல். ஏறுகிற இடம் பிரிட்டிஷ் இந்தியா, இறங்குகிற இடம் பிரெஞ்சு மண். தூரமோ நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் சுங்கக்காரர்கள் மூட்டை முடிச்சை வேறு பிரித்துப் பார்ப்பார்கள்!

ரயில் பிரியர்கள் சும்மாவாவது ஏறிப் பார்க்க வேண்டிய பாதை இது. அரியாங்குப்பத்துக்காரர்களுக்கு ஆற்றுப்பாலம் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி ஸ்டேஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஜன்னலோரம் உட்காருங்கள். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். பழைய எல்லை எங்கே இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இப்போது டிக்கெட் மட்டும் போதும்!