சபாவில் கணிதம்! தமிழில் எப்போது?

மயிலாப்பூர் என்றால் மாடவீதியும் மார்கழிக் கச்சேரியும்தானா? அங்கே லஸ்ஸில், 'ஏகாம்ர நிவாஸ்' என்ற மாளிகையில், உயர்கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் முழங்கிய காலம் ஒன்றுண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லாடி இராமகிருட்டிணன் 1959 முதல் தம் வீட்டிலேயே மாணவரைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் வந்த விஞ்ஞானி நீல்ஸ் போர், டிராம்பே அணு நிலையத்தோடு இந்தச் சின்னஞ்சிறு மாணவர் குழுவையும் சேர்த்துப் பாராட்டினார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 சனவரி 3இல் பிறந்தது கணித அறிவியல் நிறுவனம். இன்று தரமணியில் நிமிர்ந்து நிற்கிறது.

வீட்டுக் கதவைத் திறந்த ஆசிரியரை நாம் மனமாரப் போற்றுகிறோம். நல்லதை எவர் செய்தாலும் நல்லதே! ஆனால் வீட்டுக் கூடம் பொதுப்பணத்தில் நிறுவனமான பிறகு, அதன் வாசல் வியாசர்பாடிக்கும் திறந்திருக்க வேண்டாமா?

நிறுவனத்தார் வெளியே வராமலில்லை. 2016 முதல் மியூசிக் அகாடமியில் 'சயின்ஸ் அட் தி சபா' என்று பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடத்துகிறார்கள். ஆலாபனை கேட்ட மேடையில் ஆராய்ச்சி! மகிழ்கிறோம். மொழி? பெரும்பாலும் ஆங்கிலம்!

1940களில் இந்நகரத்துச் சபாக்களிலே தமிழ்ப் பாட்டுக்கு இடங்கேட்டுத் தமிழிசை இயக்கம் கிளர்ந்தது. சங்கீதத்தின் தரம் கெடும் என்றார்கள் பண்டிதர்கள். கெட்டதா?

தமிழ் வழியில் படித்த ஏழைவீட்டுப் பிள்ளை பள்ளியிலே அணிக்கோவை கற்கிறான், வகையிடல் கற்கிறான், தொகையிடல் கற்கிறான், மதிப்பெண்ணும் வாங்குகிறான். கல்லூரிக்குப் போன முதல் நாளே அணிக்கோவை 'டிடர்மினன்ட்' ஆகிறது. வகையிடல் 'டிஃபரன்சியேஷன்' ஆகிறது. தெரிந்த கணக்கே தெரியாத கணக்காகிறது! பெயர் மாறியதால் மிரண்டவனைப் பார்த்து, இவனுக்குக் கணக்கு வராது என்று தீர்ப்பெழுதுகிறார்கள். வராதது கணக்கல்ல, கனவான்களே!

ஆராய்ச்சிக்கு ஆங்கிலம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்; நாம் மறுக்கவில்லை. வாயிற்படியிலேயே அதைக் கேட்பானேன் என்பதே நம் கேள்வி. தமிழில் முடியாது என்றும் சொல்ல இயலாது. அதே நிறுவனத்தில் பேராசிரியராயிருந்த ரா. இராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு இணைந்து, கணிதத்தைத் தமிழிலே பேசியவர்தாமே? அவ்வியக்கத்தார் குழந்தைகளுக்கென்றே 'துளிர்' இதழ் நடத்தவில்லையா?

அடுத்த சபாவில் பாதிச் சொற்பொழிவு தமிழில் நடக்கட்டும். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாணவருக்குப் பேருந்து அனுப்புங்கள். முன்வரிசையை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.