மலைப் பள்ளிக்குத் தலைமை

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வசிப்போர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர்; கேரளத்தார் என்று எண்ணற்க. இவர்களுடைய குழந்தைகளுக்கென நடக்கும் சர்க்கார் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தலைமை உபாத்தியாயரின் வேலை மாலை மணியோடு முடிவதில்லை. அரிசிக் கணக்கு, நள்ளிரவில் வரும் ஜுரம், பெற்றோருடன் கூலிவேலைக்குப் போய்த் திரும்பாத பையன் யாவும் அவர் பொறுப்பே. பி.எட். படிப்பு வகுப்பை நடத்தக் கற்பித்தது. பள்ளியை நடத்த யார் கற்பித்தார்?

டில்லியிலுள்ள தேசீயக் கல்வித் திட்ட நிர்வாக ஸ்தாபனத்தில் 2012-ம் வருஷம் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு மையம் ஏற்பட்டது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இரவிலும் கண்விழிக்க வேண்டிய பள்ளியை விட்டு டில்லிக்குப் போவதெங்ஙனம்? 2002-ல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கோடை விடுமுறையில் வெள்ளிமலைக்கே வந்து, பள்ளி நிர்வாகத்தில் முதுநிலை வகுப்பைத் தமிழில் நடத்தவேண்டும். கட்டணத்தைச் சர்க்கார் ஏற்பதே முறை. சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரிடம் அதைக் கேட்பது நியாயமன்று.