செண்டுமல்லிக்கும் தோசைக்கல் பக்குவம்தான்

புது இரும்புத் தோசைக்கல் வாங்கியதும் யாரும் நேராக மாவை ஊற்றிவிடுவதில்லை. கழுவித் துடைத்து, சூடேற்றி, எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை விட்டு, ஆறியபின் மறுபடி தடவிப் பழக்குவோம். அவசரப்பட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் கல் பிசுபிசுக்கும். திருப்பி பட்டதும் அந்தப் படலம் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். எண்ணெய்ச் சாயத்தில் பூ வரைகிறவர் கித்தானில் செய்வதும் இதே வேலைதான். இரண்டிலும் நடக்கும் வேதிவினையே ஒன்று.

நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்ததுதான் எண்ணெய்ச் சாயம். இந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிறது. அதனால் காயத் தொடங்கும்போது எடைகூடச் சற்று ஏறும். கல்லில் அடுப்புச் சூடு சில நிமிடத்தில் முடிப்பதைக் கித்தானில் காற்றும் வெளிச்சமும் நாள்கணக்கில் செய்கின்றன. எல்லா எண்ணெயும் இப்படி இறுகாது. இதை அளக்க அயோடின் எண் என்றொரு கணக்கு உண்டு. ஆளி விதை எண்ணெய்க்கு அது சுமார் 180, நல்லெண்ணெய்க்குச் சுமார் 110, தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில்தான். தேங்காய் எண்ணெயில் குழைத்த சாயத்தைப் பொங்கலுக்குப் பூசினால் அடுத்த பொங்கலுக்கும் விரலில் ஒட்டும்.

டெல்லியின் கரோல் பாக்கில் வரையப் பழகுகிறவர்களுக்கு நான் ரோஜாவைச் சொல்லமாட்டேன், செண்டுமல்லியைத்தான் சொல்வேன். டெல்லிக் குளிரில் மொட்டைமாடித் தொட்டியிலும் வஞ்சகமில்லாமல் பூக்கும், செடியிலேயே பல நாள் வாடாமல் நிற்கும். அதற்கு ஊர்ப் பெருமையும் உண்டு. பக்கத்திலிருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முன்பு பீகாரின் பூசாவில் இருந்தது. 1934 நிலநடுக்கத்தில் அங்கே கட்டடம் சேதமடைய, 1936இல் டெல்லிக்கு வந்தது, பழைய ஊரின் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. அங்கே உருவான செண்டுமல்லி ரகங்கள்தான் ஆரஞ்சு நிறப் பூசா நாரங்கி கேந்தாவும் மஞ்சள் நிறப் பூசா பசந்தி கேந்தாவும்.

நாரங்கியையே எடுத்துக்கொள்வோம். முதல் பூச்சுக்கு எரித்த அம்பர் என்ற பழுப்புச் சாயத்தை டர்பன்டைன் விட்டு நன்றாக நீர்க்க வைக்க வேண்டும். பூவின் உருண்டை, வெயில் விழும் பக்கம், நிழல் பக்கம், இவ்வளவு போதும். இதழ் ஒன்றுகூட வேண்டாம். அம்பரில் உள்ள மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்தும் என்பதால் ஓரிரு நாளில் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும்.

இரண்டாவது பூச்சில்தான் நிறம் வருகிறது, பலர் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். நிழலுக்கு ஆரஞ்சில் கறுப்பைக் கலந்துவிடுகிறார்கள், பூ செத்துப்போகிறது. பூவைக் கிட்டத்தில் வைத்து இதழ்களின் அடிமடிப்பைப் பாருங்கள். அங்கே இருப்பது கறுப்பல்ல, நல்ல செங்காவி. உள்ளே புகுந்த வெளிச்சம் இதழுக்கு இதழ் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு இன்னும் அடர்ந்து சிவப்பை நோக்கிப் போகிறது. ஆகவே மடிப்புக்கு எரித்த சியன்னா என்ற செம்பழுப்புச் சாயத்தோடு கொஞ்சம் கருஞ்சிவப்பு. காம்பை ஒட்டிய கீழ்ப்பகுதியில் இலையின் பச்சை லேசாக ஏறியிருக்கும், அதையும் விடக் கூடாது.

கடைசிப் பூச்சுக்குத்தான் எண்ணெய் சேர்த்த தடித்த காட்மியம் மஞ்சள். வெயில் நேராகப் படும் சில இதழோரங்களில் மட்டும் வைத்தால் போதும், மற்ற இதழ்களைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும் என்பதுதான் இதில் மீறக் கூடாத விதி. எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாகக் காயும், நெகிழ்ந்தும் கொடுக்கும். அதன்மேல் எண்ணெய் குறைந்த பூச்சைப் போட்டால் அது முந்திக்கொண்டு விறைத்துவிடும். அடியில் உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருப்பதால் மேல்பூச்சு வெடிக்கும். ஜனவரிக் குளிரில் காய்வது இன்னும் தாமதமாகும். தடிப்பான ஓரிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தே மேலே போக வேண்டும்.

பூ அதுவரை காத்திருக்குமா? டச்சு ஓவியர் யான் வான் ஹோய்சம் காத்திருக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பூவும் அதன் பருவத்தில் மலரும்வரை பொறுத்து வரைந்தார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அவருடைய மண்சாடிப் பூக்கள் ஓவியத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு அது முடியாவிட்டாலும், முதல் அமர்விலேயே வெளிச்சத்தைப் பிடித்துவிட்டால் பிறகு வேறொரு நாரங்கியைப் பார்த்தும் இதழ்களை முடிக்கலாம்.

சுவரோடு சுவர் ஒட்டிய கரோல் பாக் வீடுகளில் ஒன்றை மறக்கவே கூடாது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், இறுகும்போது வெளிவரும் சூடு உள்ளே தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். படம் முழுக்க இறுக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஹோலிக்கு முடித்த பூவுக்குத் தீபாவளி வரை வார்னிஷ் வேண்டாம்.