"ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதினால் போதுமா?
சாலைப் போக்குவரத்தில் மனிதக் காரணிகளும் செயல்பாட்டுக் காரணிகளும்

"சாலை விபத்துகளுக்கான காரணங்களை விளக்கி எழுதுக" என்று தலைப்புக் கொடுத்தால், படிவம் ஐந்து மாணவர்களின் தாளில் முதல் பத்தி எப்படி இருக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநரின் கவனக்குறைவு முதலில் வரும். அடுத்து வேகம், அதற்கடுத்து கைப்பேசி. பிறகு "அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடிவுரை. எதுவும் தவறில்லை. ஆனால் ஒரு வகுப்பின் முப்பது தாளிலும் இதே நான்கு வரிதான். ஏன் கவனம் குறைந்தது, ஏன் வேகமாகப் போனார் என்று ஒருவரும் கேட்பதில்லை. விளக்கக் கட்டுரையில் மதிப்பெண் இருப்பது அந்த 'ஏன்'-இல்தான். உயிரும் பல சமயம் அங்கேதான் இருக்கிறது.

நான் ரிங்லெட்டில் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கீழே இறங்க வேண்டுமென்றால் தாப்பா சாலைதான். 1931-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட அந்தப் பழைய சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கணும். தேயிலை, காய்கறி, பூ, சுற்றுப்பயணிகள், நம் பிள்ளைகள் எல்லாம் அதே பாதையில்தான். அதனால் இந்தத் தலைப்பு எங்களுக்குப் பாடநூலுக்கு வெளியேயும் இருக்கிறது.

ஒரு காலைப் பயணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவில் நடந்த தேர்வு வழிகாட்டிப் பட்டறைக்கு 22 மாணவர்களை அழைத்துப் போனேன். சிறிய பஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கேட்ட மூன்று விலைகளில் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தது நான்தான். புறப்படவே அரை மணி நேரம் தாமதம். "அண்ணே, எட்டரைக்குப் பதிவு முடிஞ்சிரும். கொஞ்சம் சீக்கிரமா போக முடியுமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டதும் நான்தான்.

பாதி இறக்கத்தில் ஏதோ கருகுற வாடை வந்தது. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் பஸ்ஸை ஓரம் கட்டினார். "டீச்சர், ப்ரேக் ரொம்ப சூடாயிருச்சி. இப்படியே எறங்குனா சரிப்படாது. ஆறட்டும்" என்றார். அந்த அரை மணி நேரத்தில் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, முதல் நாள் இரவு காய்கறி லோரி ஓட்டிக் கோலாலம்பூர் போய்விட்டு, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வீடு திரும்பியிருக்கிறார். எங்களை ஏற்றும்போது அவர் தூங்கியது இரண்டு மணி நேரம்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. பதிவுக்குத் தாமதமாகப் போனோம், உள்ளே விட்டார்கள். ஆனால் ஏதாவது ஆகியிருந்தால் மறுநாள் நாளிதழில் என்ன வந்திருக்கும்? 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றுதான் வந்திருக்கும். என் அவசரமும், நான் பார்த்த விலையும், அவருடைய இரண்டு வேலைகளும் அந்த வரியில் இருந்திருக்காது.

இரண்டு சொற்களின் பொருள்

மனிதக் காரணிகள் என்பவை வண்டியில், சாலையில் இருக்கும் மனிதரோடு சேர்ந்தவை: அயர்வு, தூக்கமின்மை, அனுபவம், உடல்நலம், மனநிலை, பழக்கம், கவனச்சிதறல்.

செயல்பாட்டுக் காரணிகள் என்பவை அந்த வேலை நடத்தப்படும் முறையோடு சேர்ந்தவை: நேர அட்டவணை, சம்பள முறை, பராமரிப்பு, ஏற்றும் சுமை, பாதைத் தேர்வு, மேற்பார்வை, உரிமம்.

போக்குவரத்தின் செயல்திறனை மூன்று கேள்விகளால் அளக்கலாம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததா? செலவு கட்டுப்படியானதா? இவற்றில் நேரத்தையும் செலவையும் மட்டும் இறுக்கிப் பிடித்தால், நடுவில் இருக்கும் பாதுகாப்புதான் நழுவும். செயல்பாட்டுக் காரணிகளின் சாரம் இதுதான்.

அயர்வு என்பது சோம்பல் அல்ல

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். 2020-இல் நம் நாட்டுச் சட்டம் மதுவுக்கான வரம்பை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தது. அதாவது அதே 0.05 விழுக்காடு. மது அருந்தியவரைக் கருவி வைத்துப் பிடிக்கலாம். தூங்காதவரைப் பிடிக்க அப்படியொரு கருவி சாலையோரத்தில் இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. மூன்று விநாடி கண் சொக்கினால் 50 மீட்டர். தாப்பா சாலையில் 50 மீட்டருக்குள் ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

இதை மனிதக் காரணி என்று எழுதுகிறோம், சரி. ஆனால் அவர் ஏன் தூங்கவில்லை? நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, ஒரு நடை கூடினால் வீட்டுக்கு நாலு காசு கூடும். காய்கறி விடியுமுன் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சேரணும். ஆக, மனிதக் காரணிக்குப் பின்னால் ஒரு செயல்பாட்டுக் காரணி நிற்கிறது. மாணவர்கள் பிடிக்க வேண்டிய நூல் இதுதான்.

இறக்கத்தில் ப்ரேக் ஏன் கைவிடுகிறது?

இது அறிவியல் ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்தக்கூடிய பகுதி. 10 டன் எடையுள்ள பஸ் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறக்குறைய 98 மெகாஜூல் நிலையாற்றலை இழக்கிறது. அந்த ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். முழுவதும் வெப்பமாக மாறினால் 300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். குறைந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை என்ஜின் தாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரில் விட்டு, காலை ப்ரேக்கிலேயே வைத்திருந்தால் மொத்தச் சூடும் ப்ரேக்கில்தான் ஏறும். அளவுக்கு மீறிச் சூடேறிய ப்ரேக்கில் உராய்வு குறைந்துவிடும். அப்போது மிதித்தாலும் வண்டி நிற்காது.

குறைந்த கியரில் இறங்குவது ஓட்டுநரின் திறமை, மனிதக் காரணி. தேய்ந்த ப்ரேக்கை மாற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. அளவோடு ஏற்றுவது சுமை ஏற்றுபவரின் பொறுப்பு. "சீக்கிரம் போங்க" என்று சொல்லாமலிருப்பது பயணம் ஏற்பாடு செய்பவரின் பொறுப்பு. பின்னால் உள்ள மூன்றும் செயல்பாட்டுக் காரணிகள்.

நாம் மறக்கக் கூடாத மூன்று நாள்கள்

20 டிசம்பர் 2010: சிம்பாங் பூலாய்–கேமரன் மலைச் சாலையில் சுற்றுப்பயணப் பேருந்து விபத்துக்குள்ளாகி 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து எங்கள் மலையைப் பார்க்க வந்தவர்கள்.

21 ஆகஸ்டு 2013: கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. 44 பேருக்கான பேருந்தில் 53 பேர் இருந்தார்கள். 37 பேர் இறந்தார்கள். கூடுதலாக ஏறிய அந்த ஒன்பது பேர் சாலையில் செய்த தவறு ஒன்றுமில்லை. வண்டி கிளம்பும் முன்பே தவறு நடந்துவிட்டது.

9 ஜூன் 2025: கெரிக் அருகே, கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் நள்ளிரவு கடந்த நேரம். திரங்கானுவின் ஜெர்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் இறந்தார்கள். தமிழாசிரியர்களில் பலர் படித்த பல்கலைக்கழகம் அது. இறந்தவர்கள் நாளை நம் பக்கத்து வகுப்பறையில் நின்றிருக்க வேண்டியவர்கள்.

கெரிக் விபத்துக்கு முன் அந்தப் பேருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது தெரியவந்தது. அது மனிதக் காரணி. நிறுவனத்தின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. பேருந்துக்கான அனுமதியை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது செயல்பாட்டுக் காரணி. அனுமதி ஒருவர் கையிலும் ஸ்டீயரிங் இன்னொருவர் கையிலும் இருந்தால், நடுவில் மேற்பார்வை யாருடையது?

இதன் பின், 1 ஜூலை 2025 முதல் விரைவுப் பேருந்து, சுற்றுப்பயணப் பேருந்துப் பயணிகள் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமாக்கப்பட்டது. கனரக வண்டிகளுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் கவனியுங்கள். 'ஓட்டுநரே, கவனமாக இரு' என்று புத்தி சொல்வதோடு இவை நிற்கவில்லை. மனிதர் தவறினாலும் உயிர் போகாதபடி முறையை மாற்றுகின்றன.

ஆப்பத்தில் ஓட்டை

பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், விபத்தைத் துளையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளோடு ஒப்பிட்டார். நம் பிள்ளைகளுக்கு நான் ஆப்பத்தைச் சொல்வேன். ஓர் ஆப்பத்தில் எத்தனையோ சிறு ஓட்டைகள் இருக்கும். நாலைந்து ஆப்பத்தை அடுக்கிவைத்தால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடிவிடும். ஓட்டுநர், வண்டி, நிறுவனம், சட்டம், பயணி என்று ஒவ்வொன்றும் ஓர் ஆப்பம். எல்லா ஓட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நாளில்தான் விபத்து.

என் பயணத்தில் மூன்று ஓட்டைகள் நேராகிவிட்டன: தூக்கமின்மை, அவசரம், மலிவு விலை. நான்காவதை மூடியவர் அந்த அண்ணன்தான். 'பதறாத காரியம் சிதறாது' என்பதை எனக்கு அன்று கற்றுத் தந்தவர் அவர். நான் கண்ட மட்டில், அந்தப் பஸ்ஸில் கவனக்குறைவாக இருந்தது ஓட்டுநர் இல்லை.

மாணவர்களுக்கு: பத்தியை எப்படி வளர்ப்பது?

மெலிந்த வாக்கியம்: "ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து ஏற்படுகிறது."

வலுவான பத்தி: "நீண்ட நேரம் ஓய்வின்றி ஓட்டும் கனரக வாகன ஓட்டுநர்கள் அயர்வுக்கு உள்ளாகிறார்கள். நடைக்கு நடை கூலி என்னும் முறை, அவர்களை ஓய்வைத் துறந்து கூடுதல் நடை ஓட்டத் தூண்டுகிறது. இதனால் கணநேரக் கண்ணயர்வும் பேருயிர்ச்சேதத்துக்கு வித்திடுகிறது. எனவே, ஓட்டுநரைத் தண்டிப்பதோடு நில்லாமல் பணிநேர விதிகளை நிறுவனங்கள் பின்பற்றுகின்றனவா என்பதையும் கண்காணிக்க வேண்டும்."

கருத்து, காரணம், விளைவு, பரிந்துரை என நான்கும் ஒரே பத்தியில் வந்துவிட்டன. எழுதுமுன் பல்நிலை நிரலொழுங்கு வரைபடம் வரைந்து, ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் 'ஏன்?' என்று இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு விடை பெரும்பாலும் இரண்டாவது 'ஏன்'-இல் கிடைக்கும்.

பயிற்சிக்கு ஒரு கேள்வி: "சாலை விபத்துக்கு ஓட்டுநர் மட்டுமே பொறுப்பல்லர்." இக்கூற்றை ஏற்கிறீர்களா? உங்கள் ஊர்ச் சாலையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

ஆசிரியர்களுக்கு: வண்டி எடுக்கும் முன்

1. சுற்றுலாவுக்கோ போட்டிக்கோ போகும்போது, ஓட்டுநர் முதல் நாள் இரவு வேலை செய்தாரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.
2. நம்மிடம் பணம் வாங்குபவரும், உரிமம் வைத்திருப்பவரும், வண்டியை நடத்துபவரும் ஒருவர்தானா?
3. வண்டியின் புஸ்பாகோம் சோதனை காலாவதியாகாமல் இருக்கிறதா?
4. ஒவ்வோர் இருக்கையிலும் பட்டை இருக்கிறதா, அது வேலை செய்கிறதா?
5. இருக்கைக்கு ஓர் ஆள். "இன்னும் ரெண்டு பேருதானே டீச்சர்" என்றாலும் ஏற்றாதீர்கள்.
6. முடிந்தவரை நள்ளிரவுப் பயணத்தைத் தவிருங்கள். தாமதமாகிவிட்டால் ஓட்டுநரிடம் பேசாதீர்கள். ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டு "தாமதமாக வருகிறோம்" என்று சொல்லுங்கள்.

ஆறாவதைத்தான் நான் கடைசியாகக் கற்றேன். இப்போதெல்லாம் கீழே இறங்கும் நாள்களில் ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புகிறோம். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், "ஏன் டீச்சர் இவ்ளோ சீக்கிரம்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் பஸ்ஸில் பதில் சொல்வதில்லை. அடுத்த வாரக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துவிடுவேன்.