கேப்டன் இன்ஸமாம், ஆனா லாகூர்ல ஒரு மேட்ச்கூட இல்ல: ஐசிஎல்-லின் புது அணிகள் காணாம போனது எப்படி?

திருவெறும்பூர் பெல் டவுன்ஷிப்பில் இன்னைக்கு பேட் தூக்கிட்டுப் போற பசங்களுக்கு ஐபிஎல் தெரியும், டிஎன்பிஎல் தெரியும். ஐசிஎல்-னு ஒண்ணு இருந்ததே பலருக்குத் தெரியாது. ஐபிஎல் வர்றதுக்கு முன்னாடியே நகரங்களோட பேர்ல அணிகள், வெளிநாட்டு நட்சத்திரங்கள், கலர் ஜெர்சி எல்லாத்தையும் கொண்டுவந்த தொடர் அது. முதல் கோப்பையைத் தூக்கியது சென்னை அணி. அந்த அணியில் திருச்சியில் பிறந்த ஒரு ஆல்ரவுண்டரும் இருந்தார். ஆனா இரண்டே வருஷத்தில் கதை முடிஞ்சுபோச்சு.

ஐசிஎல் எப்படி வந்தது?

எல்லாம் டிவி உரிமையில் ஆரம்பிச்ச சண்டை. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையைப் பிடிக்க முயன்று கைகூடாத ஜீ குழுமத்தின் சுபாஷ் சந்திரா, 2007 ஏப்ரலில் இந்தியன் கிரிக்கெட் லீக்கை அறிவித்தார். 1977-ல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் செய்ததும் இதேதான். உரிமை தரலையா, நானே கிரிக்கெட் நடத்துறேன்!

கபில் தேவ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதனால் தேசிய கிரிக்கெட் அகாடமி தலைவர் பதவியில் இருந்து பிசிசிஐ அவரை நீக்கியது. ஐசிஎல்-லில் சேரும் வீரர்களுக்கு உள்நாட்டு கிரிக்கெட்டின் கதவும் மூடப்பட்டது. இன்னொரு பக்கம், உள்நாட்டுத் தொடர்களின் பரிசுத்தொகையை பிசிசிஐ உயர்த்தியது. போட்டி வந்தாத்தான் சம்பளம் ஏறும் என்பது கிரிக்கெட்டிலும் மாறலை.

2007 நவம்பர் கடைசியில் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் ஆறு அணிகளோடு முதல் தொடர் தொடங்கியது. ஸ்டூவர்ட் லா கேப்டன், மைக்கேல் பெவன் பயிற்சியாளர் என வந்த சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், இறுதிப்போட்டியில் சண்டிகர் லயன்ஸை வீழ்த்தியது. ஹேமங் பதானி, திருச்சியில் பிறந்த ராஜகோபால் சதீஷ் ஆகியோர் அந்த அணியில் இருந்தனர்.

விரிவாக்கம்: லாகூர், அகமதாபாத், டாக்கா

முதல் தொடர் முடிஞ்ச சூட்டோடு அணிகளைக் கூட்டினார்கள். 2008 மார்ச்சில் லாகூர் பாதுஷாஸ், அகமதாபாத் ராக்கெட்ஸ் வந்தன. அக்டோபரில் டாக்கா வாரியர்ஸ் சேர்ந்தது. ஒரே வருஷத்தில் ஆறு ஒன்பதாகிவிட்டது.

மைதானத்தில் லாகூர் அணி தோல்வியே இல்லை. இன்ஸமாம் உல் ஹக் தலைமையில் இம்ரான் நசீர் உள்ளிட்டோர் ஆடிய அந்த அணி, வந்த முதல் தொடரிலேயே ஃபைனல் வரை போய் ஹைதராபாத் ஹீரோஸிடம் தோற்றது. 2008 நவம்பரில் அதே ஹைதராபாத்தை வீழ்த்தி கோப்பையைத் தூக்கியது. ஆனால் லாகூர் பாதுஷாஸ் லாகூரில் ஒரு ஐசிஎல் போட்டிகூட ஆடலை. டாக்கா வாரியர்ஸ் டாக்காவில் ஆடலை. ஏன், சாம்பியனான சென்னை அணியே சென்னையில் ஆடலை! கிரிக்கெட் சங்கங்களின் மைதானங்கள் கிடைக்காததால் பஞ்ச்குலா, குர்கான், ஹைதராபாத், அகமதாபாத் ஆகிய ஊர்களிலேயே போட்டிகள் சுற்றிச் சுற்றி நடந்தன.

இங்கதான் முக்கியமான விஷயம் இருக்கு. இந்த அணிகளுக்குத் தனித்தனி முதலாளி கிடையாது. எல்லா அணியும் லீக்கை நடத்திய எஸ்ஸெல் குழுமத்துக்கே சொந்தம். ஐபிஎல்-லில் 2008 ஜனவரியில் எட்டு அணிகளை ஏலம் விட்டபோது, சென்னைக்கு மட்டும் இந்தியா சிமெண்ட்ஸ் 91 மில்லியன் டாலர் கொடுத்தது. அதாவது புது அணி வந்தால் லீக்கின் கல்லாவுக்குப் பணம் வரும். ஐசிஎல்-லில் நேர் எதிர். புது அணி வந்தால் சம்பளம், ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் அதே பாக்கெட்டில் இருந்து போகணும்.

அமெரிக்காவில் வேறு மாதிரி ஒரு தப்பு நடந்தது. அங்கே யுஎஸ்எஃப்எல் என்ற கால்பந்து லீக், அணிகளுக்குத் தனி முதலாளிகளை வைத்து, 1983-ல் 12 அணிகளோடு தொடங்கியது. அடுத்த வருஷமே புது முதலாளிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு 18 ஆக்கியது. புதிதாக வந்த பிட்ஸ்பர்க் மாலர்ஸ் ஒரே சீசனில் மூடப்பட்டது. பெரிய லீக்கான என்எஃப்எல் மீது தொடுத்த வழக்கில் 1986-ல் யுஎஸ்எஃப்எல் ஜெயித்தது. கிடைத்த நஷ்டஈடு 1 டாலர், சட்டப்படி மூன்று மடங்காக்கி 3 டாலர். லீக் அதோடு காலி.

கடைசியில் யார் அடி வாங்கினார்கள்?

வீரர்கள்தான். டாக்கா அணிக்குப் போன 13 பேருக்கு வங்கதேச வாரியம் 10 ஆண்டு தடை போட்டது. முன்னாள் கேப்டன் ஹபிபுல் பஷாரும் அதில் ஒருவர். நியூசிலாந்தின் ஷேன் பாண்ட் நாட்டு ஒப்பந்தத்தையே இழந்தார். பாகிஸ்தான் வீரர்கள் நீதிமன்றம் போக, 2009 பிப்ரவரியில் சிந்து உயர் நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது.

அதற்குள் லீக்கே ஆட்டம் கண்டுவிட்டது. 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதலுக்குப் பிறகு, நடந்துகொண்டிருந்த தொடர் பாதியில் நின்றது. பாகிஸ்தான் வீரர்கள் ஊர் திரும்பினார்கள். லாகூர் அணியை மறுபடி இந்தியாவுக்கு அழைத்துவரும் சூழலே இல்லை. உலகப் பொருளாதாரச் சரிவு வேற. சம்பள பாக்கி புகார்கள் கிளம்பின. 2009 மார்ச் தொடர் நடக்கவில்லை, லீக் திரும்ப வரவும் இல்லை.

2009 ஏப்ரலில் பிசிசிஐ பொதுமன்னிப்பு அறிவித்தது. ஐசிஎல் உறவை முறித்துக்கொண்டால் உள்நாட்டு கிரிக்கெட்டுக்கு உடனே வரலாம், இந்திய அணிக்கு ஆட ஒரு வருஷம் காத்திருக்கணும். வந்தவர்களில் ஒருவர் ஹைதராபாத் ஹீரோஸின் அம்பத்தி ராயுடு. 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார், பிறகு சிஎஸ்கேவோடு மூன்று கோப்பைகள். பதானி இப்போது பயிற்சியாளர், 2024 அக்டோபரில் டெல்லி கேப்பிடல்ஸ் பொறுப்பு அவருக்கு வந்தது. சதீஷ் மும்பை இந்தியன்ஸ், பஞ்சாப், கொல்கத்தா என ஐபிஎல் ஆடினார்.

டிஎன்பிஎல்-லுக்கு இந்த ஆபத்து உண்டா?

தடை பயம் இல்லை. அதை நடத்துவதே தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம்தான். ஆனா அணி இடம் மாறுவது அங்கேயும் சகஜம். 2016-ல் ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்று ஆடிய அணிதான் பிறகு ரூபி திருச்சி வாரியர்ஸ் ஆனது. காரைக்குடி காளையின் இடத்தில் திருப்பூர் தமிழன்ஸ் வந்தது. திருச்சி அணி 2021 ஃபைனலில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸிடம் 8 ரன்னில் கோப்பையைக் கோட்டைவிட்டது. அந்த ஃபைனலும் சென்னை சேப்பாக்கத்தில்தான் நடந்தது.