கள்ளிக்காட்டுச் செடிகளை வீட்டில் வளர்க்க

சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி, திருஷ்டிக்காக வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. மண் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆனாலும் அது மாதக்கணக்கில் பச்சை மாறாமல் இருக்கும். மடலுக்குள் இருக்கும் வழுவழுப்பான சோறுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. இப்படி இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்துவைத்துப் பிழைப்பவை சதைப்பற்றுச் செடிகள். நர்சரிகளில் ‘சக்குலன்ட்’ என்று விற்கப்படுபவை இவைதாம்.

வைகை அணையைச் சுற்றியுள்ள ஆண்டிபட்டி வட்டாரம் மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. வேலியோரம் திருகுகள்ளி, கரட்டில் சதுரக்கள்ளி, முட்புதரில் படர்ந்த பிரண்டை என்று இவை தாமாகவே வளர்கின்றன. 1959இல் திறக்கப்பட்ட இந்த அணைக்காக ஊரையும் நிலத்தையும் இழந்த மக்களைப் பற்றிய வைரமுத்துவின் நாவலுக்கும் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்றே பெயர்.

மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சுவிடும்போது நீரும் ஆவியாகிப் போகும். சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை இரவில்தான் திறக்கின்றன. அப்போது உள்ளே வரும் கரியமில வாயுவை அமிலமாக்கி வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் உணவாக்குகின்றன. ரணகள்ளி இலை காலையில் புளிப்பதும் நண்பகலில் அந்தப் புளிப்பு மறைந்துவிடுவதும் இதனால்தான். இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலர் பெஞ்சமின் ஹெய்ன் அந்த இலையை மென்றுபார்த்து எழுதிய குறிப்பு 1815இல் வெளியானது.

வீட்டில் இந்தச் செடிகள் பெரும்பாலும் வாடிச் சாவதில்லை, அழுகித்தான் சாகின்றன. அதனால் தொட்டியின் அடியில் துளை இல்லாமல் வளர்க்கவே கூடாது. கரிசலும் வண்டலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே உதவாது. செம்மண் ஒரு பங்கு, பருமணலோ உடைத்த செங்கல் சல்லியோ ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு கலந்தால் போதும். பிளாஸ்டிக்கைவிட மண் தொட்டி நல்லது. அதன் பக்கங்களும் ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றும்.

தண்ணீர் விடும்போது அடித்துளையில் வடியும்வரை விட வேண்டும். பிறகு மண் முழுதும் காயும்வரை தொடக்கூடாது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை அடிவரை செருகி எடுத்தால், ஈரமண் ஒட்டி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலில் வாரம் ஒருமுறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும்.

இலை சுருங்கியிருந்தால் தாகம். தண்ணீர் விட்டால் சில நாளில் நிமிர்ந்துவிடும். மஞ்சளாகி, கண்ணாடி போல் ஊறி, தொட்டதும் உதிர்ந்தால் அழுகல். அப்போது கெடாத நுனியை வெட்டி, நிழலில் சில நாள் காயம் ஆறவைத்துப் புதுமண்ணில் நடலாம். காலை வெயில் எல்லாவற்றுக்கும் ஏற்றது. மாவுப்பூச்சி கண்டால் பஞ்சால் துடைத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். திருகுகள்ளியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

புதிதாக வளர்க்கத் தொடங்குபவர்கள் விலை கொடுத்து அயல்நாட்டுச் செடி வாங்குவதைவிடப் பிரண்டையில் தொடங்குவது நல்லது. அதற்காகக் கரட்டிலிருந்து கொடியை வேரோடு பிடுங்கி வர வேண்டாம். இரண்டு கணு உள்ள ஒரு துண்டு போதும்; தானே வேர்விடும்.