இருபதாவது மரபணு

1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், கதிர்வீச்சு ஆய்வுக்காக எலிகள் வளர்த்த கூடத்தில், சில ஆண் குட்டிகள் மட்டும் சில வாரங்களிலேயே செத்துக்கொண்டிருந்தன. தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கிப் புடைத்தன. அந்த வகைக்கு ‘ஸ்கர்ஃபி’ என்று பெயர் வைத்தார்கள். அவற்றைக் கொன்றது எந்தக் கிருமியும் அல்ல, நோய் எதிர்ப்புக்கான அவற்றின் சொந்த டி செல்களே என்பது தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆயின.

எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அந்த எலிகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதை அடக்கத்தான் ஆளில்லை.

ஜப்பானில் வேறொரு புதிர். பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டியின் தைமஸ் சுரப்பியை அகற்றினார்கள். டி செல்கள் முதிர்வது அங்கேதான். எனவே எதிர்ப்புச் சக்தி மங்கியிருக்க வேண்டும். மாறாக, அது சொந்த உறுப்புகள் மீதே பாய்ந்தது. ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி நலமான எலிகளின் டி செல்களை எடுத்துச் செலுத்தியதும் நோய் தடுக்கப்பட்டது. அப்படியானால் டி செல்களிலேயே தாக்குபவையும் உண்டு, தடுப்பவையும் உண்டு. ‘அடக்கும் செல்’ என்ற கருத்தையே அறிவியல் உலகம் கைகழுவியிருந்த காலம் அது. அவர் விடவில்லை. 1995இல், மேற்பரப்பில் சிடி25 என்ற புரதம் தாங்கிய செல்களே அந்தக் காவலர்கள் என்று காட்டினார். இன்று அவற்றை ‘டி-ரெக்’ என்கிறோம்.

சிடி25 வெறும் அடையாளச் சின்னம் அல்ல என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. தாக்கும் செல்கள் பெருகுவதற்கு இன்டர்லூகின்-2 என்ற புரதம் வேண்டும். அதைப் பற்றிப்பிடிக்கும் ஏற்பியின் ஒரு பகுதிதான் சிடி25. டி-ரெக் செல்கள் அதை நிறைய வைத்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள இன்டர்லூகினை உறிஞ்சிவிடுகின்றன. தீனி கிடைக்காமல் தாக்குதல் ஓய்கிறது. அவற்றுக்கு வேறு உத்திகளும் உண்டு.

ஸ்கர்ஃபி எலியின் பழுது எங்கே என்று தேடியவர்கள் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல். எக்ஸ் குரோமோசோமில் 20 மரபணுக்கள் வரை சுருக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசி மரபணுவில் அகப்பட்டது: ஃபாக்ஸ்பி3. அதே மரபணு மனிதரில் பழுதானால் ஐபெக்ஸ் என்ற அரிய நோய் வரும் என்பதும் 2001இல் உறுதியானது. ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தீராத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி. டி-ரெக் செல்களை உருவாக்குவதே ஃபாக்ஸ்பி3தான் என்று 2003இல் தெரிந்தது. மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐபெக்ஸ் குழந்தைகள் சிலரை எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை காப்பாற்றுகிறது. எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களுக்கு இப்போதுள்ள மருந்துகளில் பல ஒட்டுமொத்த எதிர்ப்பையும் அமுக்குபவை. நோயாளி சாதாரணத் தொற்றுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. அதனால்தான் இன்டர்லூகின்-2ஐ மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சிறு அளவு, ஏற்பிகள் நிறைந்த டி-ரெக் செல்களுக்கே முதலில் போய்ச் சேரும்.